எபிரேய வேதத்தில் மெசொப்பொத்தேமியத் தெய்வங்கள்: ஓர் இணையவழிப் பாடத்தொடரின் மதிப்புரை

இந்தப் பாடத்தொடரில் நான் சேர்ந்ததற்கு எபிரேய வேதத்தின் (கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாடு) இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தின் 17-ஆம் அதிகாரத்தில் வரும் இரண்டு வசனங்களே காரணம். கி.மு. 722 வாக்கில் வட இஸ்ரவேல் அரசின் தலைநகரான சமாரியா வீழ்ந்த பின், அசீரிய அரசு வெவ்வேறு நாடுகளிலிருந்து மக்களைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றுகிறது. அவர்கள் தத்தம் தெய்வங்களையும் உடன் கொண்டுவருகிறார்கள். பாபிலோனியர் சுக்கோத்பெனோத்தையும், கூத்தா ஊரார் நேர்காலையும், ஆமாத்தூரார் அசிமாவையும் உண்டாக்கினார்கள் என்று அந்தப் புத்தகத்தை எழுதியவர் ஒரே மூச்சில் பட்டியலிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். பல ஆண்டுகளாக அந்தப் பெயர்களை ஓசையாகவே வாசித்து வந்தேன். அவற்றின் பின்னால் உண்மையான கோயில்களும் பூசாரிகளும் திருவிழாக்களும் இருந்தன என்று தெரியும். எந்தப் பெயருக்கு எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்தக் குறையை இப்பாடத்தொடர் பெருமளவு தீர்த்தது. சில இடங்களில் புதிய குழப்பங்களையும் விதைக்கிறது என்பதால், இரண்டு முறை முழுமையாகக் கேட்ட பிறகே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால், நடத்துபவர்களின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

தொடரில் ஒன்பது பாடங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஓடும் பதிவு. ஒவ்வொரு பாடத்துடனும் உரிய வேதப் பகுதிகளையும் களிமண்ணில் ஆப்பு வடிவக் குறிகளால் எழுதப்பட்ட ஆப்பெழுத்து வாசகங்களின் மொழிபெயர்ப்பையும் எதிரெதிரே அச்சிட்ட சிறு கையேடு ஒன்று வருகிறது. களிமண் பலகைகளின் படங்களை விரும்பிய அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பதிவுகளின் ஒலி தெளிவாக இருக்கிறது. பாடம் நடத்துபவர் அவசரப்படாமல் பேசுகிறார்.

முதல் பாடமே நான் தேடிவந்த வசனங்களிலிருந்துதான் தொடங்கியது. கூத்தா என்பது பாபிலோனுக்கு வடகிழக்கே இருந்த பழைய நகரம்; இன்றைய ஈராக்கில் தெல் இப்ராகிம் என்று அழைக்கப்படும் மேடு அதுவே. கொள்ளைநோய்க்கும் போருக்கும் பாதாளத்துக்கும் அதிபதியான நேர்காலின் தலைமைக் கோயிலான எமெஸ்லாம் அங்கேதான் இருந்தது. கூத்தா ஊரார் நேர்காலை வைத்துக்கொண்டார்கள் என்று எழுதியவர் கேள்விப்பட்டதைக் குத்துமதிப்பாக எழுதவில்லை, எந்த ஊருக்கு எந்தத் தெய்வம் என்பதைச் சரியாகவே அறிந்திருந்தார் என்பதைப் பாட ஆசிரியர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவதுபோல் விளக்குகிறார். அடுத்த நிமிடமே சுக்கோத்பெனோத்துக்கு வந்து, இப்பெயரைப் பாபிலோனின் தலைமைத் தெய்வமான மார்துக்கின் துணைவியான சர்ப்பனித்துவுடன் இணைக்கும் கருத்து உண்டு, ஆனால் முடிவான விளக்கம் எதுவும் இல்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். இந்த நேர்மைதான் என்னைத் தொடர்ந்து கேட்க வைத்தது.

இத்தொடரின் மிகச் சிறந்த கருவி இரண்டாம் பாடத்தில் வருகிறது. எபிரேய மொழி தொடக்கத்தில் பெரும்பாலும் மெய்யெழுத்துகளாலேயே எழுதப்பட்டது. உயிரொலிகளைக் காட்டும் புள்ளிகளும் கோடுகளும் மசோரெத்துகள் எனப்படும் அறிஞர்களால் கி.பி. முதல் ஆயிரமாண்டின் பிற்பகுதியில்தான் சேர்க்கப்பட்டன. மெய்யும் உயிரும் ஓரெழுத்தாகக் கூடியே நிற்கும் தமிழில் எழுதிப் பழகிய நமக்கு, ஒரு சொல்லின் மெய்களை அப்படியே விட்டுவிட்டு உயிர்களை மட்டும் மாற்றிவிட முடியும் என்பது எளிதில் மனத்தில் பதிவதில்லை. பாடத்தின் திரையில் ஆமோஸ் 5:26 காட்டப்படுகிறது. பக்கத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் உயிர்க்குறிகள் மறைந்து மெய்கள் மட்டும் நிற்கின்றன. மீண்டும் அழுத்தினால் பழைய உச்சரிப்பு என்று கருதப்படும் உயிர்கள் வந்து அமர்கின்றன. சிக்கூத் என்று நின்றது சக்கூத் என்ற தெய்வப் பெயர் ஆகிறது. கிய்யூன் என்று நின்றது கைவான் ஆகிறது. கைவான் என்பது சனிக்கோளைக் குறிக்கும் அக்காதிய (பண்டைய மெசொப்பொத்தேமிய மொழி) சொல்லான கயமானுவின் வழிவந்தது. நிலையானவன் என்பது அதன் பொருள். மெல்ல நகரும் கோளுக்குப் பொருத்தமான பெயர். இந்த இரு பெயர்களின் மீதும், அருவருப்பு என்று பொருள்படும் சிக்கூத்ஸ் என்னும் எபிரேயச் சொல்லின் உயிர்களை ஏற்றிவிட்டார்கள் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். வாசகத்தைத் தொடாமலே அதன் மீது தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது! இதை நூறு பக்கம் படித்து அறிவதைவிட, அந்தப் பொத்தானை நான்கு முறை அழுத்திப் பார்த்து அறிவது மேல் என்பேன்.

மூன்றாம் பாடம் மனிதப் பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும் தெய்வங்களைப் பற்றியது. சனகெரிப் என்ற அசீரிய அரசனின் பெயரில் நிலாத் தெய்வமான சின் இருக்கிறார். சின் சகோதரர்களை ஈடுசெய்தார் என்பது பொருள். அவன் மகன் எசரத்தோனின் பெயரில் அசீரியரின் தலைமைத் தெய்வமான அசூர் இருக்கிறார். நேபுகாத்நேச்சாரில் நேபோவும் பெல்ஷாத்சாரில் பேலும் இருக்கிறார்கள். மொர்தெகாய் என்ற யூதப் பெயரிலேயே மார்துக் இருப்பதைக் கேட்டபோது சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆபேத்நேகோ என்பது நேபோவின் அடியான் என்று பொருள்படும் ஆபேத்நேபோவின் திரிபு என்றும், எபிரேய நெடுங்கணக்கில் பேத்துக்கு அடுத்த எழுத்து கிமெல் என்பதால் ஓரெழுத்து நகர்ந்து நேபோ நேகோவாகியிருக்கலாம் என்றும் சொல்லப்படுகிறது. யூதாவின் அரசன் யோயாக்கீனைச் சிறையிலிருந்து விடுவித்த பாபிலோனிய அரசன் ஏவில்மெரொதாக்கின் உண்மைப் பெயர் அமேல்மார்துக். மார்துக்கின் ஆள் என்பது அதன் பொருள். எபிரேய வடிவத்திலோ முதற்பாதி மூடன் என்ற சொல்லாக ஒலிக்கிறது. இத்தகைய நுணுக்கங்கள் நிறைந்த பாடம்தான்; ஆனால் பெயர்கள் வேகமாக வந்து விழுகின்றன. அக்காதிய உச்சரிப்பை ஒருமுறை நிதானமாக ஒலித்துக் காட்டியிருந்தால் கேட்பவருக்குப் பேருதவியாக இருந்திருக்கும். கையேட்டிலும் உச்சரிப்புக் குறிப்புகள் இல்லை.

ஏசாயா 46-ஆம் அதிகாரத்தைப் பற்றிய நான்காம் பாடத்துக்காகவே இத்தொடரைப் பரிந்துரைப்பேன். பேல் பணிகிறது, நேபோ குனிகிறது, அவற்றின் விக்கிரகங்கள் களைத்துப்போன விலங்குகளின் முதுகில் சுமையாக ஏறுகின்றன என்று அந்த அதிகாரம் தொடங்குகிறது. ஆசிரியர் முதலில் அந்தச் சுமக்கும் காட்சியை அதன் சொந்த ஊரில் வைத்துக் காட்டுகிறார். நிசான் மாதத்தில் நடந்த அகிது எனும் புத்தாண்டு விழாவுக்கு, பாபிலோனிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ள போர்சிப்பாவிலிருந்து நேபோ எழுந்தருளி வருவார். எழுதுகோலைத் தன் சின்னமாகக் கொண்ட, எழுத்தர்களின் தெய்வமான அவர், தந்தையான மார்துக்கின் எசகிலா கோயிலுக்கு வந்து சேருவார். அரசன் தன் ஆட்சிச் சின்னங்களை நீக்கிவிட்டுத் தெய்வத்தின் முன் நிற்க, தலைமைப் பூசாரி அவன் கன்னத்தில் அறைவார். கண்ணீர் வந்தால் தெய்வத்துக்கு மகிழ்ச்சி என்று கொள்ளப்பட்டது. பின்னர் தெய்வ உருவங்கள் ஊர்வலமாக இஷ்தார் வாயில் வழியே நகருக்கு வெளியே உள்ள விழா மண்டபத்துக்குப் புறப்படும். பேல் என்பது தலைவன் என்று பொருள்படும் பட்டம். அது மார்துக்குக்கே உரியதாகிவிட்டது. தந்தையும் மகனும் அடுத்தடுத்து வரும் அந்த ஊர்வலத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு ஏசாயாவுக்குத் திரும்பினால், பேலும் நேபோவும் ஏன் ஒரே வரியில் வருகிறார்கள் என்று கேட்கவே வேண்டியதில்லை.

விழாவில் தோளேறி வந்த தெய்வங்களை வீழ்ச்சி நாளின் பாரமாக மாற்றிக் காட்டுகிறார் அந்தக் கவிஞர். மக்கள் தெய்வங்களைச் சுமக்கிறார்கள். இஸ்ரவேலின் கடவுளோ கருவிலிருந்து நரைமயிர் வரை மக்களைத் தானே சுமப்பதாக மூன்றாம், நான்காம் வசனங்களில் சொல்கிறார். சுமத்தல் என்ற ஒரே வினையை அதிகாரம் எப்படித் திருப்பித் திருப்பிப் பயன்படுத்துகிறது என்று ஆசிரியர் வண்ணமிட்டுக் காட்டும் பக்கத்தை நான் தனியே அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

அதே பாடத்தின் பிற்பகுதியில் கோரேசின் உருளை வருகிறது. 1879-இல் பாபிலோன் அகழ்வில் கிடைத்து, இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தக் களிமண் உருளை, ஒரு முழத்துக்கும் குறைவான நீளமே உடையது. கி.மு. 539-இல் பாரசீக அரசனான கோரேசு பாபிலோனைக் கைப்பற்றிய பின் எழுதப்பட்டது. மார்துக் எல்லா நாடுகளிலும் நேர்மையான ஓர் அரசனைத் தேடினார், கோரேசின் கையைப் பிடித்தார், அவனைப் பெயர் சொல்லி அழைத்தார் என்கிறது உருளை. ஏசாயா 45-ஆம் அதிகாரமோ, அதே கோரேசின் வலக்கையைப் பிடித்து அவனைப் பெயர் சொல்லி அழைத்தவர் இஸ்ரவேலின் கடவுளே என்கிறது. அவன் தம்மை அறியாதிருந்தும் அழைத்ததாக அழுத்திச் சொல்கிறது. இரண்டு வாசகங்களும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே நிற்கும்போது, ஒரே அரசனின் ஒரே கையை இரு தரப்பும் பற்றியிருப்பதைக் காண்கிறோம். இங்கே ஆசிரியர் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற வாதத்துக்குள் போகாமல், அரசனைப் புகழும் பொதுவான மொழி அக்காலத்தில் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். சரியான முடிவு அது.

ஐந்தாம் பாடம் வானராக்கினி என்ற பெண்தெய்வத்தைப் பற்றியது. எரேமியா 7:18-இல் ஒரு குடும்பமே வேலை செய்கிறது: பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், தகப்பன்மார் நெருப்பு மூட்டுகிறார்கள், பெண்கள் மாவு பிசைகிறார்கள். சுடப்படும் பணியாரத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் கவ்வானீம். அது மெசொப்பொத்தேமியப் பெண்தெய்வமான இஷ்தாரின் வழிபாட்டுடன் தொடர்புடைய கமானு என்ற அக்காதியப் பலகாரப் பெயரிலிருந்து வந்த கடன்சொல் என்பதை ஆசிரியர் எடுத்துக்காட்டுகிறார். தெய்வத்தின் பெயர் சொல்லப்படாத இடத்தில் பலகாரத்தின் பெயர் சாட்சி சொல்கிறது. ஆயினும் வானராக்கினி என்பவள் முழுக்க இஷ்தார்தான் என்று அவர் முத்திரை குத்தவில்லை. மேற்குச் செமித்தியத் தெய்வமான அஸ்தார்த்தே அவளோடு கலந்திருக்க இடமுண்டு என்பதையும் சொல்கிறார்.

இப்பாடத்தில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது 44-ஆம் அதிகாரம். எகிப்துக்குத் தப்பிப்போன யூதப் பெண்கள் எரேமியாவின் முகத்துக்கு நேராகவே பதில் சொல்கிறார்கள். நாங்கள் வானராக்கினிக்குத் தூபம் காட்டிப் பானபலி வார்த்தபோது வயிறார உண்டோம், தீங்கைக் காணவில்லை. அதை நிறுத்திய நாள் முதல் எல்லாம் குறைந்துபோய், வாளாலும் பஞ்சத்தாலும் அழிகிறோம் என்கிறார்கள். எங்கள் கணவன்மாருக்குத் தெரியாமலா செய்தோம் என்றும் கேட்கிறார்கள். தீர்க்கதரிசி கண்டிக்கும் தரப்பு இவ்வளவு முழுமையாகத் தன் வாயாலேயே பேசுவது வேதத்தில் அரிது. ஆசிரியர் அந்தப் பதிலை ஏளனம் செய்யாமல், நாடிழந்து நிற்கும் மக்களின் வாதமாக நிதானமாக வாசித்துக் காட்டுகிறார். இதற்காக அவருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு குறை மட்டும் உண்டு. யூப்ரடீஸ் கரையிலிருந்த மாரி நகர அரண்மனையில் கிடைத்த சுடுமண் அச்சுகளை, இந்தப் பணியாரங்களைச் சுட்ட அச்சுகளைப் போலவே அறிமுகப்படுத்துகிறார். மாரி அரண்மனை கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் அழிந்தது. எரேமியாவுக்கும் அதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை ஒரு வாக்கியத்திலாவது சொல்லியிருக்க வேண்டும்.

தம்மூஸுக்கு ஒதுக்கப்பட்ட ஆறாம் பாடம் போதவில்லை. எசேக்கியேல் 8:14-இல், எருசலேம் ஆலயத்தின் வடக்கு வாசலில் பெண்கள் உட்கார்ந்து தம்மூஸுக்காக அழுகிறார்கள். அந்தத் தரிசனத்தின் காலம் கி.மு. 592. தம்மூஸ் என்பவர் சுமேரியரின் துமுசி. இடையனான அவரை, அவருடைய துணைவியான தெய்வம் இனன்னா தனக்குப் பதிலாகப் பாதாளத்துக்கு அனுப்புகிறாள். அவருடைய சகோதரி கெஷ்தினன்னா ஆண்டில் பாதியைத் தான் ஏற்றுக்கொள்கிறாள். கோடை வெயிலில் புல் கருகும் மாதத்தில் அவருக்காக ஒப்பாரி வைத்தார்கள். அந்த மாதத்தின் பெயர் யூத நாட்காட்டியில் இன்றும் தம்மூஸ்தான், ஈராக்கில் ஜூலை மாதத்துக்கும் அதுவே பெயர். தீர்க்கதரிசி அருவருப்பு என்று சொன்ன பெயர், அவருடைய மக்களின் நாட்காட்டியிலேயே தங்கிவிட்டது. இவ்வளவு செறிவான பொருளை வைத்துக்கொண்டு, பாடத்தின் பாதி நேரத்தை இறந்து உயிர்த்தெழும் தெய்வங்கள் என்ற பழைய பொதுக்கோட்பாட்டை விளக்குவதிலேயே செலவிட்டுவிட்டார்கள். சுமேரிய ஒப்பாரிப் பாடல் ஒன்றையேனும் முழுதாக வாசித்துக் காட்டியிருந்தால், ஆலய வாசலில் எழுந்த அழுகையின் ஓசை நமக்கும் கேட்டிருக்கும்.

ஏழாம், எட்டாம் பாடங்களே இத்தொடரின் பலவீனமான பகுதி. பேச்சில் பெரிய பிழை இல்லை. படங்களின் கீழே உள்ள விளக்கங்கள்தான் தவறாக வழிநடத்துகின்றன. கி.மு. 681-இல் சனகெரிப், தன் தெய்வமான நிஸ்ரோக்கின் கோயிலில் பணிந்துகொண்டிருந்தபோது மகன்களால் கொல்லப்பட்டதாக இரண்டாம் இராஜாக்கள் 19:37 சொல்கிறது. மகன் ஒருவனே அவனைக் கொன்றதை அசீரிய, பாபிலோனிய ஆவணங்களும் உறுதிப்படுத்துகின்றன. அத்ரமேலேக் என்ற வேதப் பெயருக்குப் பின்னால் அர்தமுலிஸ்ஸி என்ற இளவரசன் இருப்பதை ஆசிரியர் அழகாக விளக்குகிறார். ஆனால் நிஸ்ரோக் என்ற பெயரில் மெசொப்பொத்தேமியாவில் எந்தத் தெய்வமும் அறியப்படவில்லை. நினுர்தா, நுஸ்கு போன்ற தெய்வப் பெயர்களின் திரிபாக இருக்கலாம் என்ற ஊகங்கள்தான் உண்டு. அப்படியிருக்க, பழைய அசீரிய நகரமான நிம்ரூத்தின் அரண்மனைச் சுவரில் செதுக்கப்பட்ட கழுகுத்தலை உருவத்தின் கீழே நிஸ்ரோக் என்று எழுதியிருக்கிறார்கள். அது 19-ஆம் நூற்றாண்டு அகழ்வாளர் காலத்து ஊகம். அந்த உருவம் அப்கல்லு எனப்படும் காவல் முனிவர்களில் ஒருவர் என்பதே இன்றைய நிலைப்பாடு.

மீன்தோல் போர்த்திய உருவத்துக்குத் தாகோன் என்று பெயரிட்டிருப்பதும் இதே வகைப் பிழை. அதுவும் ஓர் அப்கல்லுதான். தாகோன் மீன் தெய்வம் என்ற எண்ணம், மீனைக் குறிக்கும் தாக் என்ற எபிரேயச் சொல்லோடு ஒலி ஒத்திருப்பதால் பிற்காலத்தில் எழுந்தது. வேதத்தில் பெலிஸ்தரின் தெய்வமாக வரும் இந்தத் தாகோன், அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மாரியிலும் தெர்க்காவிலும் தாகான் என்ற பெயரில் பெருந்தெய்வமாக இருந்தவர். தலைப்புக்கு நேரடியாகப் பொருந்தும் இந்தச் செய்தி பாடத்தில் எங்கும் இல்லை. ஏசாயா 34:14-இல் வரும் லீலித்துக்கும் அக்காதியப் பேயான லிலித்துவுக்கும் உள்ள உறவைச் சொன்னவர்கள், இரவின் அரசி என்று அழைக்கப்படும் சுடுமண் சிற்பத்தை ஐயமின்றி லீலித் என்று காட்டுகிறார்கள். அது இஷ்தாரா, பாதாள அரசி எரெஷ்கிகலா என்று இன்றும் வாதிடப்படுகிறது. பெயர்ச்சுட்டியில் நேபோ தெய்வத்தையும், மோசே ஏறிய மோவாப் நாட்டு நேபோ மலையையும் ஒரே தலைப்பின் கீழ் சேர்த்திருப்பதையும் திருத்த வேண்டும். பெயர் ஒற்றுமை ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது என்று இரண்டாம் பாடத்திலேயே கற்பித்தவர்கள் இவர்கள். அதனால்தான் இப்பிழைகள் கூடுதலாக உறுத்துகின்றன.

ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் வரும் வினாக்கள் பெயர்களை நினைவில் வைத்திருக்கிறோமா என்று மட்டுமே சோதிக்கின்றன. அவற்றை விட்டுவிடலாம். கையேட்டை அருகில் திறந்து வைத்துக்கொண்டு, வேதப் பகுதியை முதலில் வாசித்துவிட்டுப் பாடத்தைக் கேட்பதே பயன் தரும். கைபேசியில் கேட்கலாம், ஆனால் படங்களைப் பார்க்கப் பெரிய திரை வேண்டும், குறிப்பாக ஒன்பதாம் பாடத்துக்கு.

அந்தக் கடைசிப் பாடம் முழுவதும் ஒரே ஒரு களிமண் பலகையைப் பற்றியது. சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் அகலம் கொண்ட அந்தப் பலகை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகளாக இருந்தது. 2007-இல் வியன்னா பல்கலைக்கழகப் பேராசிரியர் மிக்கேல் யுர்சா அதை வாசித்தபோதுதான் அதிலுள்ள பெயர் அடையாளம் காணப்பட்டது. எருசலேம் வீழ்ந்தபோது நடு வாசலில் வந்து அமர்ந்த பாபிலோனிய அதிகாரிகளை எரேமியா 39:3 பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பழைய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் நேபோ என்ற சொல் முந்திய பெயரோடு ஒட்டிக்கொண்டு, சர்சேகிம் என்ற பெயர் தனியே தொங்கும். பிரிக்க வேண்டிய இடத்தில் பிரித்தால் அது நேபோசர்சேகிம்; பலகையில் உள்ள வடிவம் நபுசர்ருசுஉகின், நேபோ அவருடைய அரசாட்சியை நிலைநாட்டினார் என்று பொருள். எரேமியா அவருக்குக் கொடுக்கும் ரப்சாரீஸ் என்ற பதவியும் பலகையில் உள்ள பதவியும் ஒன்றே: தலைமை அரண்மனை அலுவலர்.

படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், ஈரமான களிமண்ணில் எழுத்தர் ஆப்புகளைச் சாய்த்து அழுத்திய விளிம்புகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. ஆசிரியர் வரி வரியாகப் படிக்கிறார். பலகை ஒரு பற்றுச்சீட்டு. ஒன்றரை மினா தங்கம், நபுசர்ருசுஉகினுக்கு உரியது; அவர் தம் ஆள் ஒருவர் மூலம் அனுப்பிவைத்தார்; அது எசகிலாவில் ஒப்படைக்கப்பட்டது; சாட்சிகளின் பெயர்கள்; பதினோராம் மாதம், 18-ஆம் நாள், பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் பத்தாம் ஆண்டு. அதாவது கி.மு. 595. நேபோவின் பெயரைத் தாங்கிய ஒருவர், நேபோவின் பெயரைத் தாங்கிய அரசனின் ஆட்சியில், நேபோவின் தந்தையான பேலின் கோயிலுக்குச் சுமார் முக்கால் கிலோ தங்கத்தைக் கொடுத்திருக்கிறார். எட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர்தான் எருசலேமின் நடு வாசலில் வந்து அமர்ந்தார்.